பின் சுவருக்குச் சாரம்

எல் ஆல்த்தோ, பொலிவியா, ஜூன் 20, 1993

அன்பான தொமிங்காவுக்கு அண்ணி பசிலியா எழுதுவது.

நானும் மகள் நெல்வாவும் மாதா புண்ணியத்தில் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம். அங்கே உனக்கும் உன் வீட்டுக்காரர் ரெமிஹியோ தம்பிக்கும் உடம்பு எப்படி? தையல் மிஷினில் குனிந்து குனிந்து உன் தோள் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். புவெனோஸ் ஐரஸுக்கு பஸ் ஏறும் லூர்தெஸிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு களிம்பும் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி தேய்த்துக்கொண்டு படு.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அண்ணன் எழுதியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து இதையும் எழுதுங்க, அதையும் எழுதுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது பேனாவை நானே பிடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். வீட்டின் மேல் அறைக்கு உன் அண்ணன் தகரம் போட்டு முடித்துவிட்டுத்தான் போனார். பின் சுவரின் வெளிப்பக்கம் மட்டும் பூசவில்லை. செங்கல் அப்படியே நிற்கிறது. போன மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி நெல்வா படுக்கும் பக்கம் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. அவளுக்கு இருமல் இன்னும் விடவில்லை. டிசம்பர் மழைக்குள் பூசியாக வேண்டும்.

இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்தார்கள். அதில் பெரியவர், "அக்கா, மூணு மாடி உயரம். மேல இருந்து கீழ வரைக்கும் பூசணும். சாரம் கட்டாம ஆகாது" என்றார்.

"என் வீட்டுல ஒரு கழிகூட ஊனக் கூடாது" என்றேன்.

"அப்ப கொண்டோர் கழுகைத்தான் கூப்பிடணும், கரண்டிய அது கால்ல கட்டிவிடலாம்" என்று சிரித்தார். கூட வந்தவன் அவர் காதில் ஏதோ சொன்னான். நான் யார் பெண்டாட்டி என்று சொல்லியிருப்பான். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு இருவரும் போனார்கள்.

ஏப்ரலில் சாரம் சாய்ந்து புருஷனைக் கொடுத்தவள் வேறு என்ன சொல்வாள்? நீ சொல் தொமிங்கா. நம் வீட்டுச் செங்கலில் பாதி நீ அனுப்பிய பணம். உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன், விரல் மடங்கவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

உன் அண்ணி பசிலியா.


புவெனோஸ் ஐரஸ், ஜூலை 18, 1993

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. களிம்பும் வந்தது. தோள் பரவாயில்லை. நெல்வாவுக்கு முத்தம். உங்கள் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணனுடையதைவிடப் புரிகிறது.

நீங்கள் அந்தக் கொத்தனாரிடம் சொன்னதுதான் சரி. ஒரு கழிகூட வேண்டாம். என் அண்ணன் சத்துர்னினோ எப்படிப்பட்ட வேலைக்காரன்! கட்டடத்தில் அவன் ஏறுவதைப் பார்த்தால் பூனை மதில்மேல் நடப்பது போல இருக்கும். அப்பேர்ப்பட்டவனை ஒரு பொம்பளையின் தளர்ந்த முடிச்சு கொன்றுவிட்டது. அந்த நிக்கனோரா கட்டிய சாரம் நம் வீட்டு நிழலில்கூட நிற்கக் கூடாது. இங்கே ஞாயிறு சந்தையில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் அவள் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் இவர் வேலை செய்யும் கட்டடத்துக்கு விடுமுறை. இவரே வந்து பூசித் தருவார். நான் எழுதும்போது பின்னால் நின்றுகொண்டு, "ரெண்டு ஏணியச் சேர்த்துக் கட்டினா மூணு மாடி எட்டும்னு அண்ணிகிட்ட எழுது. சூப்பு மட்டும் பெரிய சட்டில வைக்கச் சொல்லு" என்கிறார்.

கவலைப்படாமல் இருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார் தொமிங்கா.


எல் ஆல்த்தோ, ஆகஸ்டு 15, 1993

அன்பான தொமிங்காவுக்கு,

இங்கே சுகம். நெல்வா இருமல் பகலில் குறைந்திருக்கிறது. ஆகஸ்டுக் காற்று தகரத்தைத் தூக்கிப் பார்க்கிறது. ரெமிஹியோ தம்பி வருவார் என்றதும் பாதி பாரம் இறங்கியது. பெரிய சட்டி இருக்கிறது என்று சொல்.

போன வியாழக்கிழமை யார் வந்தார்கள் தெரியுமா? கதவைத் திறந்தால் நிக்கனோரா நிற்கிறாள். தொப்பி கையில். மரியாதைக்குத் துணியில் கோகா இலை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"அக்கா, உங்க பின் சுவர ரோட்டுல இருந்து பார்த்தேன். மழைக்கு முன்னாடி சாரம் கட்டித் தரேன். கூலி வேண்டாம்."

"எதுக்கு? இன்னொருத்தரக் கொல்லவா?"

பக்கத்து வீட்டு தெயோதோரோ எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"திட்டுங்க அக்கா. திட்டறதுக்கு உங்களுக்கு இல்லாத உரிமையா? ஒண்ணு மட்டும் கேளுங்க. என் மேல இருக்கிற கோபத்துல யாரையும் அந்தச் சுவர்ல ஏணி வச்சு ஏத்திடாதீங்க."

இலையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காற்று கொண்டுபோகட்டும் என்று விட்டேன். சாயங்காலம் பார்த்தால் பொட்டலம் அப்படியே இருக்கிறது. மேலே கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கல் ஆடாமலிருக்க அடியில் ஒரு சில்லு கொடுத்திருக்கிறாள். இத்தனை பார்த்துச் செய்கிறவள் முடிச்சை எப்படித் தளர விட்டாள் என்று அங்கேயே நின்று யோசித்தேன். யோசித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

அண்ணி பசிலியா.


புவெனோஸ் ஐரஸ், செப்டம்பர் 4, 1993

அண்ணிக்கு,

இங்கே இருவரும் சுகம். அவளைத் துரத்தியது நல்ல காரியம். கூலி வேண்டாம் என்றாளாமா? மனசு உறுத்துகிறவர்கள்தான் சும்மா செய்து தருவார்கள். கல்லும் சில்லும் பார்த்து மனசு இளகாதீர்கள். நெல்வாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், கை நீளமாக இருந்தால் மடித்து விடுங்கள்.

தொமிங்கா.


எல் ஆல்த்தோ, செப்டம்பர் 19, 1993

அன்பான தொமிங்காவுக்கு,

சட்டை வந்தது. கை சரியாக இருக்கிறது, பெண் வளர்ந்துவிட்டாள். உனக்கு வேலை அதிகம் என்று லூர்தெஸ் சொன்னாள். கண்ணைப் பார்த்துக்கொள்.

நான் இப்போது மாதா கோயில் மண்டபம் கட்டுகிற இடத்துக்குச் சூப்பு கொண்டுபோகிறேன். பார்லி சூப்பும் மிளகாய்த் துவையலும். அங்கே உன் அண்ணனோடு வேலை செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். நெல்வாவின் ஞானத்தகப்பன் கசிமிரோ அண்ணனும் இருக்கிறார். நிக்கனோராவும் இருக்கிறாள். ஏப்ரலுக்குப் பிறகு அவளுக்கு வேறு எங்கும் வேலை கொடுப்பதில்லையாம். சாமியார் ஒருவர்தான் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார் என்கிறார்கள்.

முதல் நாள் அவள் பக்கம் திரும்பக் கூடாது என்றுதான் சட்டியை இறக்கினேன். ஆனால் அது எப்படி முடியும் தொமிங்கா? என் புருஷனைச் சாய்த்த கையை நான் பார்க்க வேண்டாமா? பார்த்தேன். நாள்தோறும் பார்க்கிறேன். உனக்கு மறைக்க மாட்டேன், எழுத்து வாசிக்கத் தெரியாதவள்தான், ஆனால் அந்த மாதிரி வேலை நான் பார்த்ததில்லை.

தைலமரக் கழியை முதலில் கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறாள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடுகிறாள். ஊன்றும் இடத்தில் மண்ணைக் காலால் கிளறி, புது மண் என்றால் தோண்டி எறிந்து பாறைக்கல் வைக்கிறாள். கம்பியை முறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு குழந்தை மாதிரி இருக்கிறாள். பலகை போட்டதும் யாரையும் ஏற விடுவதில்லை. தான் முதலில் ஏறி, பாவாடையெல்லாம் சுழல, தொம் தொம் என்று குதிக்கிறாள். கீழே நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"மாமி ஆடுறாங்கடா, பேண்டு வாத்தியத்தக் கூப்பிடு!"

"நீ செத்தா கூப்பிடுவாங்க. இப்ப கீழ நில்லு."

எல்லாவற்றுக்கும் சாரம் கேட்கிறவள் என்றும் நினைக்காதே. உத்தரத்துக் கொக்கியில் கயிறு மாட்ட வேண்டும் என்று ஒருவன் கேட்டான். "ஒரு கை போதும்ல? ஏணில போய்ட்டு வா" என்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன், ஜன்னலுக்கு மேல் ஒரு சாண் பூச்சு விட்டுப்போயிற்று, ஏணியில் ஏறி அப்பிவிட்டு வருகிறேன் என்றான்.

"ஒரு கைல கரண்டி, ஒரு கைல கலவைப் பலகை. ஏணிய எந்தக் கையால பிடிப்ப?"

"சின்ன வேலைதான மாமி."

"வேலை சின்னதுதான். விழற உயரமும் சின்னதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் தொமிங்கா, ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. அப்போது அந்தப் பையன் சிரிப்போடு சிரிப்பாக, "அதான, சத்துர்னினோ மேஸ்திரியும் அன்னைக்கு இதே மாதிரி..." என்று ஆரம்பித்தான். கசிமிரோ அண்ணன் அவன் விலாவில் ஒரு இடி இடித்தார். அவன் நிறுத்திவிட்டான். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சூப்பு குடித்தார்கள். நிக்கனோரா எழுந்து போய்விட்டாள்.

இதே மாதிரி என்றால் என்ன மாதிரி?

அண்ணி பசிலியா.


எல் ஆல்த்தோ, அக்டோபர் 3, 1993

தொமிங்காவுக்கு,

நாங்கள் சுகம். மழை இன்னும் இல்லை. நெல்வா பள்ளிக்கூடம் போகிறாள். வேறு விசேஷம் இல்லை.

பசிலியா.


புவெனோஸ் ஐரஸ், அக்டோபர் 20, 1993

என் அண்ணிக்கு,

நெல்வாவுக்கு உடம்பு சரியில்லையா? உங்களுக்கா? அந்தப் பொம்பளையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். என் மனசு எரிந்ததால் பதில் எழுதவில்லை. இப்போது நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். "அன்பான" என்றுகூடப் போடவில்லை. நீங்கள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அண்ணன் உங்களை வாய்க்கால் என்பான், அடைத்தாலும் வேறு பக்கம் ஓடும் என்பான். எதையோ அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

இவர் டிசம்பர் இரண்டாம் வாரம் புறப்படுகிறார். நீளக் கயிறு ஒன்று வாங்கி வந்து கட்டில் காலில் கட்டி இழுத்துப் பார்க்கிறார். "சத்துர்னினோ மச்சான் ஏறாத உயரமா? நானும் ஏறுவேன்" என்கிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஏணி இரண்டு மட்டும் யாரிடமாவது கேட்டு வையுங்கள்.

ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. அண்ணனுக்கு முதல் வருஷப் படையல் மேசை. நான் அங்கே இல்லையே. என் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தொமிங்கா.


எல் ஆல்த்தோ, நவம்பர் 6, 1993

அன்பான தொமிங்காவுக்கு,

இதை உட்கார்ந்து வாசி. தம்பி பக்கத்தில் இருக்கும்போது வாசி. எனக்கும் நெல்வாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன் விழுந்த வீட்டுத் தெருவுக்கு நான் போனதே இல்லை. அந்தப் பையன் சொன்ன சொல் தூங்க விடவில்லை, அதனால் செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பூவோடு போனேன். சாரக்கழியின் ஒரு முனை சுவர் ஓட்டையில் உட்காரும், சாரத்தை இறக்கும்போது அந்த ஓட்டைகளை அடைப்பார்கள் என்று கொத்தனார் பெண்டாட்டி எனக்குத் தெரியாதா? முன் சுவரில் அடைத்த தடம் வரிசை வரிசையாக இருக்கிறது. அவர் விழுந்தது பக்கச் சுவரில். அதில் ஒரு தடம்கூட இல்லை. சுவர் முழுக்க வழவழவென்று இருக்கிறது. மேலே, கூரை ஓரத்துக்குக் கீழே, ஒரு கை அகலத்துக்குச் செங்கல் தெரிகிறது. அவர் பூசப் போன இடம். அதற்குப் பிறகு அதைப் பூச ஒருவரும் ஏறவில்லை.

அந்தச் சுவரில் சாரமே நின்றதில்லை தொமிங்கா.

கசிமிரோ அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். சூப்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

"சாரத்த முன் பக்கத்துல இருந்து கழட்டிக்கிட்டு இருந்தோம். நிக்கனோரா சொன்னா, மத்தியானம் வரைக்கும் பொறு, இந்தப் பக்கம் கட்டித் தரேன்னு. 'நீ கட்டி முடிக்கறதுக்குள்ள நான் பூசிட்டுச் சோறும் தின்னுடுவேன்'னு சிரிச்சுக்கிட்டே ஏணிய எடுத்தான். அவ ஏணியப் பிடிச்சு இழுத்தா. அவன் கேக்கல."

"அப்புறம் ஏன் அண்ணே சாரம் சாஞ்சதுன்னு சொன்னீங்க?"

"ஏணில இருந்து விழறவன் நேத்து வந்த சித்தாள். அவன் மேஸ்திரி. சாவு வீட்டுல அவனப் பத்தி நாலு பேர் இளக்காரமாப் பேசக் கூடாதுன்னு சொன்னோம். ஒருத்தன் சொன்னான், எல்லாரும் தலைய ஆட்டிட்டோம். அது அவ தலைல போய் விழும்னு யோசிக்கல."

அன்றே நிக்கனோரா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை இலை கொண்டுபோனது நான். வாங்கிக்கொண்டாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"பெட்டி நடு வீட்டுல இருந்துச்சு. நீங்க தலைமாட்டுல உக்காந்திருந்தீங்க. அவர் எந்திரிச்சுப் பதில் சொல்ல முடியாத இடத்துல நான் எப்படி அக்கா பேசறது?"

"அப்புறமாவது சொல்லக் கூடாதா?"

"அப்புறம் யாரும் கேக்கல."

உனக்கு நாலு வரி எழுதியது இதற்குப் பிறகுதான். அதற்கு மேல் என்ன எழுதுவது? அண்ணன் பூனை மாதிரி ஏறுவான் என்று நீ எழுதிய கடிதம் என் துணிப் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கல்லறைக்குப் போய் உன் அண்ணனைத் திட்டினேன். அரை நாள் பொறுக்க முடியாதா, சோறு எங்கே ஓடிப்போகிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பூ வைத்தேன். அவர் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம், அவ்வளவு நேர்த்தி. கெட்டிக்காரர் என்பதால்தான் ஏணியில் ஏறினார். வேலை தெரியாதவன் பயந்து காத்திருப்பான்.

முதல் வருஷ மேசைக்கு ரொட்டி சுடப் போனேன். ஆத்துமா இறங்கி வர ரொட்டியில் ஏணி செய்து மேசையில் வைக்க வேண்டுமே, அடுப்புக்கார அம்மாள் மாவை உருட்டிக்கொண்டே, "ஏணி ரெண்டா, மூணா?" என்றாள்.

"ஏணி வேண்டாம். சாரம் செஞ்சு தாங்க."

"சாரமா? ரொட்டிலயா? உன் வீட்டுக்காரர் வானத்துல வேலை எடுத்திருக்காரா?"

"ஆமா. இனிமே ஏணில இறங்க மாட்டாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செய்து கொடுத்தாள். நாலு கால், குறுக்குக் கழி, மேலே பலகை. அடுப்பில் ஒரு கால் உப்பிக் கோணிக்கொண்டது.

திருநாள் மத்தியானம் அவர் ஆத்துமா வந்து சேரும் நேரத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜபம் சொல்ல முதலில் நிக்கனோராவைக் கூப்பிட்டேன். அவள் மேசையைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். "இந்தக் கால் நிக்காது அக்கா, கல்லு வைக்கணும்" என்று சொல்லி, ஒரு சர்க்கரை மிட்டாயை அடியில் கொடுத்தாள். பிறகு முட்டி போட்டு முழு ஜபமும் சொன்னாள்.

அடுத்தது கசிமிரோ அண்ணன். சிலுவை போட்டார், ஆனால் ஜபம் வரவில்லை. "அவன் இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். அவன் முன்னாடி என்னால முடியாது" என்று எழுந்து, உள்ளதை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மெழுகுவர்த்தி ஒன்றும் அணையவில்லை. உன் பங்குக்கு ஏற்றியதும் கடைசி வரை எரிந்தது.

இதை எழுதியதற்காக என்னை வெறுக்காதே. எழுதாமல் இருந்தால் ரெமிஹியோ தம்பி கயிற்றோடு வந்து இறங்குவார்.

உன் அண்ணி பசிலியா.


எல் ஆல்த்தோ, நவம்பர் 28, 1993

அன்பான தொமிங்காவுக்கு,

உன் தோள் எப்படி? தம்பி சுகமா? இரண்டு பஸ்காரர்களிடம் கேட்டேன், எனக்குக் கடிதம் இல்லை என்றார்கள். கடிதம் போய்ச் சேரவில்லையா, சேர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. சேர்ந்திருக்கும். லூர்தெஸ் உன் கையில் கொடுத்ததாகத்தான் சொன்னாள். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

முந்தாநாள் மழை ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தது. நெல்வா கட்டிலை நடு அறைக்கு இழுத்துவிட்டேன்.

பின் சுவருக்குச் சாரம் நிற்க வேண்டிய இடம் தெயோதோரோவின் கொல்லை. கேட்கப் போனேன். "என் பன்னி மேல பலகை விழுந்தா யார் பொறுப்பு?" என்றார். கூட வந்த நிக்கனோரா, "பலகை விழாது. பன்னிதான் பலகை மேல ஏறாம பாத்துக்கங்க. நான் சோதிக்காம யாரையும் ஏத்த மாட்டேன், பன்னியா இருந்தாலும்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். ஒரு பெட்டி பீருக்கு ஒத்துக்கொண்டார்.

உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று முதலில் எழுதினேன். இப்போதும் கேட்கிறேன். சாரம் வேண்டாம், நிக்கனோரா வேண்டாம் என்று நீ சொன்னால் கழி இறங்காது. சுவர் இந்த வருஷமும் நனையட்டும். ஆனால் அதில் ஏணியும் சாத்தக் கூடாது. தம்பி கயிற்றோடு வந்தால் பெரிய சட்டியில் சூப்பு வைத்துக் கொடுப்பேன், படுக்க இடம் கொடுப்பேன், திரும்பிப் போகும்போது வழிக்கு ரொட்டியும் கட்டிக் கொடுப்பேன். அந்தச் சுவரில் கால் வைக்க விட மாட்டேன். அவர் உனக்குப் புருஷன், எனக்குத் தம்பி. இன்னொரு பெட்டியின் தலைமாட்டில் நீ உட்கார நான் காரணமாக மாட்டேன்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணி பசிலியா.


புவெனோஸ் ஐரஸ், டிசம்பர் 9, 1993

நிக்கனோரா அம்மாவுக்கு,

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்களுக்கு வாசிக்க வராது என்று அண்ணி முன்பு ஒரு தடவை எழுதியிருந்தார். அதனால் இதை அவரே உங்களுக்குச் சத்தமாக வாசிப்பார். அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்கள் பேர் ஏப்ரலிலிருந்து தெரியும். அதை எந்த விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இங்கே எழுதவில்லை. சந்தையில் அதைக் கேட்டவர்கள் எல்லோரிடமும் போன ஞாயிற்றுக்கிழமை உள்ளதைச் சொல்லிவிட்டேன். அது போதும்.

அண்ணியின் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் ஏணியைப் பிடித்து இழுத்த இடத்தில் கடிதத்தை இவரிடம் நீட்டிவிட்டேன். இவர் வாங்கி மீதியை வாசித்தார். என் அண்ணனை ஒருவராவது தடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஒருவர் நீங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் என் புருஷன் ரெமிஹியோ. கயிற்றை நான் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். எனக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தால் பிடுங்கிக்கொள்ளுங்கள். என் அண்ணனைப் போலவே இவரும் வேடிக்கையாகப் பேசுவார். சிரிக்காதீர்கள். ஒரு சாண்தான் மிச்சம், ஏணியில் போய் அப்பிவிட்டு வருகிறேன் என்பார். விடாதீர்கள். இவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, கோபம் வடிந்துவிடும்.

என் அண்ணன் மெலிந்த ஆள். இவர் அப்படி இல்லை. இங்கே மாட்டுக்கறி மலிவு, நன்றாகச் சாப்பிடுவார். தடியாக இருப்பார், நடக்கும்போது தரை அதிரும். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு கட்டுங்கள். நீங்கள் குதித்துப் பார்த்த பிறகுதான் இவர் ஏற வேண்டும்.

எனக்குக் குழந்தை இல்லை. இவர் ஒருவர்தான். உங்கள் கைக்கு அனுப்புகிறேன்.

சத்துர்னினோவின் தங்கை,
தொமிங்கா.